வியப்பு மதிப்பெண்

வில்யார்தா நகரின் வரவேற்பு மாளிகைக்கு மூன்று வாசல்கள். இரண்டு வாசல்கள் பழமை கருதி நிரந்தரமாகப் பூட்டப்பட்டவை. மூன்றாவது காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அன்றைய டோக்கன்கள் தீர்ந்ததும், அதாவது ஒன்பதரைக்கு, மூடும். நகரில் குடியேற வந்தவர்கள் ஆறு மணிக்கே போய்க் குளிரில் நிற்பார்கள். மாளிகையின் நெற்றியில் பொன்னெழுத்தில் 'இது உங்கள் வீடு' என்று எழுதியிருக்கும்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சுலெய்தி அங்கே போய் நின்றாள். பிரேசிலில், ஃபோர்த்தலேசாவில், பதினெட்டு வருடம் பல்செட் செய்து பிழைத்தவள். அவள் தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் மாட்டிறைச்சி மென்றார்கள். அவளுடைய நாற்பத்து மூன்றாவது வயதில் கணவன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபிறகு, போர்ச்சுகல் போய்விட்டால் மகளை ஒழுங்காகப் படிக்கவைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவந்தாள். வில்யார்தாவின் கோட்டைச் சுவருக்குள் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. மகள் மயாரா ஊரில் அத்தை வீட்டில் இருந்தாள்.

சட்டம் எளிமையானது. வசிப்பு அனுமதி வாங்கியவர் தன் பிள்ளையை வரவழைத்துக்கொள்ளலாம், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகாதிருந்தால். மயாராவுக்கு நவம்பர் பதினான்காம் தேதி பதினெட்டு. ஒன்பது மாதம் இருக்கிறது, அதற்குள் புதிதாக ஒரு பிள்ளையையே பெற்றுவிடலாம் என்று சுலெய்தி தைரியமாகத்தான் இருந்தாள்.

மூன்றாம் எண் ஜன்னலில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். ஃபிலொமேனா என்று பெயர்ப்பலகை.

"வணக்கம்க்கா. வசிப்பு அனுமதிக்கு எழுதிக் குடுக்கணும்."

"டாக்டர் ஃபிலொமேனா," என்று அவள் திருத்தினாள். அந்த ஊரில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர். மேசை பெரிதாக இருந்தால் பட்டம் வாங்காதவரும் டாக்டர். "நீங்க இப்ப பேசினது என்ன மொழி?"

"போர்த்துகீசியந்தான். நீங்க பேசுறதுதான்."

"நான் பேசுறதுதான் போர்த்துகீசியம். நீங்க பேசுறது பிரேசில்ல பேசுறது. எனக்குப் புரியாது. அங்கீகாரம் வாங்கின மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிட்டு வாங்க."

"புரியாமலா இம்புட்டு நேரம் பதில் சொல்றீங்க?"

"எனக்குப் புரியலைங்கிறது உங்களுக்குப் புரிஞ்சதுல்ல? அது போதும். அடுத்தவங்க."

அங்கீகாரம் வாங்கிய மொழிபெயர்ப்பாளர் மாளிகைக்கு எதிரே காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார். வசீலெ என்று பெயர். மோல்தோவா நாட்டுக்காரர். கொத்து வேலைக்கு வந்து, மூன்றே வருடத்தில் மொழித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறியவர். பிரேசில் பேச்சிலிருந்து போர்ச்சுகல் பேச்சுக்கு மாற்ற நகரத்தில் சான்றிதழ் வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

"நீங்க சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுவேன்," என்றார். "என்ன, உயிரெழுத்துல பாதியை முழுங்கிருவேன். அவங்களுக்கு அது போதும்."

மறுநாள் அப்படியே நடந்தது. சுலெய்தி சொன்னாள். வசீலெ அதே வாக்கியத்தை வாயைத் திறக்காமல் சொன்னார். ஃபிலொமேனா தலையாட்டி எழுதிக்கொண்டு, ஒரு நீலப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அதன் பெயர் நகர நெருக்கப் புத்தகம். வில்யார்தாவில் வசிக்க விரும்புகிறவர் முதலில் வில்யார்தாவை அறிய வேண்டும். இருபத்து நான்கு வரலாற்றுச் சின்னங்களுக்கும் நேரில் போய், ஒவ்வொன்றிலும் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை மட்டும் போதாது. மாளிகையின் அதிகாரி கூடவே வந்து, விண்ணப்பதாரர் எந்த அளவுக்கு வியந்தார் என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார். சராசரி ஏழு இருக்க வேண்டும். கடைசியில் சுவருக்குள் வசிக்கும் பூர்வகுடி ஒருவரின் கையெழுத்து. அதன்பின் இயக்குநருடன் நேர்காணல்.

"நான் வேலை பாக்குறதே சுவருக்குள்ளதானேக்கா. தினமும் இந்த ஊரைத்தான் பாக்குறேன்."

வசீலெ மொழிபெயர்த்தார். ஃபிலொமேனா சொன்னாள்: "தினமும் பாக்கறதுதான் பிரச்சனையே. தினமும் பாத்தா எப்படி வியப்பு வரும்?"

புத்தகம் வாங்கியவர்களை எல்லாம் மேல்மாடிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் எவரார்து வந்தார். வெல்வெட் கோட்டு, மார்பில் நகரச் சின்னம், கையில் கண்ணாடித் தம்ளர். பின்சுவர் முழுக்க நீலநிற ஓடுகளால் ஆன பழைய ஓவியம்: கப்பல்கள், சிலுவைகள், கரையில் இறகு சூடி மண்டியிட்டிருந்த மனிதர்கள். சுலெய்தியின் பாட்டன் வழி ஆட்கள் அந்தக் கரையில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

"நண்பர்களே," என்றார் எவரார்து. "சிலர் கேக்கறாங்க, எதுக்கு இத்தனை சோதனைன்னு. சொல்றேன். எங்க முன்னோர்கள் கப்பலேறி உலகம் பூரா போய் இறங்கினாங்க. யாருகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கல. ஒரு படிவம் நிரப்பல. அப்படி அனுமதி இல்லாம ஆளுங்க வந்து இறங்கினா ஒரு நாட்டுக்கு என்ன கதி ஆகும்னு உலகத்துல எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. அனுபவத்துல சொல்றோம். அதனாலதான் இவ்வளவு கவனமா இருக்கோம்."

கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டலுக்கும் வருகைப்பதிவு இருந்தது.

முதல் சின்னம் தேவாலயம். காலையில் ஜன்னலில் உட்காரும் ஃபிலொமேனாதான் பிற்பகலில் வியப்பு அதிகாரி. ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்க. என்ன தோணுது?"

காலையிலிருந்து பதினோரு கழிப்பறை கழுவிவிட்டு வந்த சுலெய்தி, "கழுத்து வலிக்குது," என்றாள்.

"உள்ளம் உருகுதுன்னு சொல்றாங்க," என்றார் வசீலெ.

"கழுத்து வலிக்குதுன்னுதான் சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு."

"அப்ப உங்களுக்குப் புரியுதே டாக்டர்."

"வலின்னு யாரு சொன்னாலும் புரியும்," என்ற ஃபிலொமேனா மூன்று மதிப்பெண் போட்டாள். குறிப்பு: 'விண்ணப்பதாரர் கூரையைப் பார்க்கும் முன் தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார்.'

அன்றிலிருந்து வசீலெ அவளுக்கு வியப்பு சொல்லிக்கொடுத்தார். புருவம் முதலில் உயர வேண்டும், வாய் அப்புறம் திறக்க வேண்டும். நான்கு விநாடிக்குக் குறைந்தால் அலட்சியம். ஏழு விநாடியைத் தாண்டினால் அது சுற்றுலாப் பயணியின் வியப்பு. வசிக்க வந்தவருக்குப் பொருந்தாது. வசிக்க வந்தவரின் வியப்பில் கொஞ்சம் நன்றி கலந்திருக்க வேண்டும். கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்தால் இன்னும் நல்லது. சுலெய்தி குளியலறைக் கண்ணாடிகளைத் துடைக்கும்போதெல்லாம் பழகினாள். மதிய இடைவேளையில் மயாராவுக்குப் போனில் செய்து காட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"கடைவாய்ப் பல்லு பிடுங்கின மாதிரி இருக்கும்மா."

"நல்லாப் பாருடி. இது மணிக்கூண்டுக்கு. ஏழு மார்க் வேணும்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "நான் வந்தா நானும் இதெல்லாம் செய்யணுமா?" என்று கேட்டாள்.

"பதினெட்டுக்குக் கீழ இருந்தா வேண்டாம். சும்மா வந்தாப் போதும்."

மணிக்கூண்டில் ஏழு கிடைத்தது. ரோமர் பாலத்தில் ஆறு. நீல ஓடுகள் பதித்த ஓவியக் கூடத்தில் ஒரு கேள்வியும் கேட்டார்கள்: பிரேசிலைக் கண்டுபிடித்தது யார்? சுலெய்தி யோசித்து, "அங்க இருந்தவங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். வசீலெ மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். இரண்டு மதிப்பெண்.

ஒரு காலத்தில் அங்கே ஆண்ட மூர்களின் கிணறு சீரமைப்புக்காக மூடப்பட்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு முதல் மூடப்பட்டிருந்தது. முத்திரை உள்ளே இருந்தது. இதற்கும் விதியில் வழி வைத்திருந்தார்கள்: தகர வேலிக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்று, உள்ளே இருப்பதைக் கற்பனை செய்து வியக்கலாம். அன்று நல்ல மழை. ஃபிலொமேனா காரில் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலெய்தி நின்றாள். முப்பதாவது நிமிடத்தில், மகளுடைய பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் அனுப்ப மறந்தது நினைவுக்கு வந்து வாயைப் பிளந்தாள். ஒன்பது மதிப்பெண். அந்த நகரத்தில் அவள் வாங்கிய அதிகபட்சம் அதுதான்.

ஆகஸ்ட் கடைசியில் இருபத்து நான்கும் முடிந்தன. சராசரி ஏழு புள்ளி பூஜ்யம் நான்கு. இனி ஒரே ஒரு கையெழுத்து.

சுவருக்குள் முந்நூற்றுப் பதினோரு வீடுகள். வேலை முடிந்து தினமும் ஒரு தெரு என்று சுலெய்தி கதவு கதவாகத் தட்டினாள். ஒவ்வொரு கதவிலும் வாடகைக்கு வரும் பயணிகள் எண் அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டி தொங்கியது. தட்டினால் ஜெர்மன்காரர்கள் திறந்தார்கள், கொரியாக்காரர்கள் திறந்தார்கள். எல்லோரும் அவளிடமே வழி கேட்டார்கள். வில்யார்தாக்காரர் ஒருவரும் திறக்கவில்லை. இரண்டாவது வாரம், கயிறு திரிப்போர் தெருவில், மூன்றாவது மாடியில், சாவிப்பெட்டி இல்லாத ஒரு கதவு.

"யாரு? வீட்டை விக்கறதா இல்ல. போ."

"வாங்க வரலைங்க. கையெழுத்து ஒண்ணு வேணும்."

கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. அதெலினோ, எண்பத்தொரு வயது. ஆற்றோரக் கப்பல் பட்டறையில் கொதிகலன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசும்போது பல்செட் ஒரு பக்கம் போனது, சொல் ஒரு பக்கம் போனது.

"பிரேசிலா? பாட்டுப் பாடற மாதிரி பேசறியே. இந்தச் சுவத்துக்குள்ள இப்ப நான் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் ஒண்ணு செத்தான், இல்ல வித்தான்."

"ஐயா, அந்தக் கீழ்ப்பல்லை யாரு செஞ்சு குடுத்தது?"

"ஏன்?"

"யாரோ உங்க மேல கோவமா இருந்திருக்காங்க. கழட்டிக் குடுங்க."

கிழவர் முறைத்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார். மறுநாள் சுலெய்தி சிறு அரமும் மெழுகும் வாங்கிவந்து, அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வைத்துப்பார்த்து, எடுத்து, தேய்த்து, மறுபடி வைத்துப்பார்த்தாள். மூன்று நாள் ஆனது. அத்தனை மாதங்களில் அவள் கை செய்யத் தெரிந்த வேலையைச் செய்தது அப்போதுதான். நான்காம் நாள் அதெலினோ கீழ்க்கடையிலிருந்து கடுகு விழுது தடவிய பன்றிக்கறி ரொட்டி வாங்கிவரச் சொன்னார். முழுவதையும் கடித்து, மென்று, விழுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடுகு காரம்," என்றார். பிறகு நீலப் புத்தகத்தை வாங்கி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஃபிலொமேனா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள்.

"கயிறு திரிப்போர் தெரு பத்தொம்பது, மூணாவது மாடி. அங்க யாரும் குடியில்ல. எட்டு வருஷம் முன்னாடியே விடுதின்னு பதிவாயிருக்கு."

"ஆளை நான் பாத்தேன்க்கா. பல்லு சரிபண்ணிக் குடுத்தேன். அறுவது வருஷமா அங்கதான் இருக்காராம்."

இந்த முறை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "அப்ப, பதிவான விடுதில ஒருத்தர் அனுமதியில்லாம தங்கியிருக்கார்னு நீங்க சாட்சி சொல்றீங்க," என்றபடியே தட்டச்சு செய்தாள்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல."

"சொன்னீங்க. உங்க மொழி எனக்கு நல்லாவே புரியும்."

வசீலெ குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு நாளில் வெளியேற்ற உத்தரவு வந்தது. நான்கு பேர் வந்து அதெலினோவை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கினார்கள். அதற்கடுத்த வாரம் வரவேற்பு மாளிகையிலிருந்து சுலெய்திக்குக் கடிதம்: மேற்படி நபரை மேற்படி முகவரியிலிருந்து வெளியேற்றிய உத்தரவே அவர் அங்கே வசித்தார் என்பதற்குப் போதுமான சான்றாகையால், அவர் கையெழுத்து ஏற்றுக்கொள்ளப்படுகிறது. வாழ்த்துகள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு பேருந்து மாறி, நெடுஞ்சாலை ஓரத்து முதியோர் இல்லத்துக்குப் போனாள். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் அதெலினோ உட்கார்ந்திருந்தார். அவள் கொண்டுபோன ரொட்டியைத் தொடவில்லை.

"பல்லு நல்லா உக்காந்திருக்கு," என்றார். "இங்க மூணு வேளையும் சூப்புதான். பல்லுக்கு வேலையில்ல."

"ஐயா, எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனால என்ன? நீ கதவத் தட்டாம இருந்தா நான் என் கட்டில்லயே செத்திருப்பேன். இப்ப இவங்க கட்டில்ல சாகணும். உன் பொண்ணு வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

"வந்தா நல்லதுதான். இந்தப் பக்கம் இனிமே வராத."

அக்டோபர் இருபதாம் தேதி எல்லாத் தாள்களும் சேர்ந்துவிட்டன. மிச்சம் இயக்குநர் நேர்காணல். ஆனால் அந்த மாதம் மாளிகையில் ஒரு நேர்காணலும் நடக்கவில்லை. ஐரோப்பாவின் 'மிகச் சிறந்த வரவேற்பு நகரம்' என்ற விருது வில்யார்தாவுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. விழா நவம்பர் பதினேழு. அதுவரை ஊழியர்கள் எல்லோரும் மாலை கட்டுவதிலும் உரை எழுதுவதிலும் இருந்தார்கள். வரவேற்பு வேலைகள் காரணமாக வரவேற்புப் பணி நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாக வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

சுலெய்தி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பதினாலாந்தேதிக்குள்ள ஒரே ஒரு கையெழுத்து. நேர்காணல்னா அஞ்சு நிமிஷம். அவர் காபி குடிக்கிற நேரத்துல நான் நின்னுக்கிட்டே பதில் சொல்லிருவேன். புள்ளைக்கு அன்னைக்குப் பதினெட்டு ஆகுது."

ஃபிலொமேனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எம் பொண்ணு லக்சம்பர்க்ல இருக்கா," என்றாள். "ஆறு வருஷமாச்சு. ஒரு வங்கில ராத்திரி தரை துடைக்கிறா. அவளை அங்க யாரும் வியக்கச் சொல்லல. எந்திரிச்சு ஒதுங்கி நில்லுன்னுதான் சொல்றாங்களாம்."

"அப்ப உங்களுக்கே தெரியுமேக்கா."

"தெரியும்," என்றாள் ஃபிலொமேனா. கோப்பினை வாங்கி, அடுக்கைத் தூக்கி, வரிசைப்படி அடியில் வைத்தாள். "அதுக்குன்னு அவளுக்கு முன்னாடி நிக்கறவங்களைத் தாண்டி யாரு அவளைக் கூப்பிட்டாங்க?"

பதினான்காம் தேதி மயாரா போன் செய்தாள். அத்தை கேக் வெட்டியிருந்தாள். தாயும் மகளும் கேக்கைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

பதினேழாம் தேதி காலையில் சுலெய்தியை அவசரமாக வரச்சொன்னார்கள். விழா மேடையில் நிறுத்த, எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிய ஒருவர் வேண்டும். அந்த வருடம் முழுதும் நிறைவேற்றியது அவள் ஒருத்திதான். நேர்காணல் மாடிப்படியில் நடந்தது. எவரார்து மேலேறிக்கொண்டே, "சந்தோஷமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் கையெழுத்துப் போட்டார்.

மேடையில் அவருடைய உரை முக்கால் மணி நேரம். "ஆயிரத்து இருநூறு பேர் எங்க கதவைத் தட்டினாங்க," என்றார். "ஒருத்தரைக்கூட நாங்க திருப்பி அனுப்பல. காத்திருக்கத்தான் சொன்னோம். சலிச்சுப்போய் அவங்களாத்தான் போனாங்க. அது அவங்க சுதந்திரம். சுதந்திரத்துல நாங்க தலையிடறதில்ல." பிறகு சுலெய்தியின் கையில் அனுமதி அட்டையைக் கொடுத்துக் கேமராவைப் பார்க்கச் சொன்னார். அவளுக்குப் புருவம் தானாகவே முதலில் உயர்ந்தது.

படம் எடுத்து முடித்ததும் அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். எவரார்து கனிவாகக் கேட்டார்.

"பதினெட்டு வயசும் மூணு நாளுமா? அப்ப அவங்க பெரியவங்க. வளர்ந்த ஒரு பொண்ணை அம்மாவோட சேத்து ஒட்டறது அவங்களை அவமானப்படுத்தற மாதிரி. நீங்களே யோசிங்க."

"அவளை நான் பாத்து ஒண்ணரை வருஷமாச்சு டாக்டர்."

"சுற்றுலாவுக்கு வரச்சொல்லுங்களேன். சுற்றுலா வர்றவங்களை நாங்க ஒண்ணுமே கேக்கறதில்ல. வியக்கக்கூட வேண்டியதில்ல."

ஜனவரியில் மயாரா ஒன்பது நாள் வந்தாள். ஆளில்லாத மாதம் என்பதால் விடுதி மேலாளர் ஆற்றைப் பார்த்த ஐந்தாம் எண் அறையைத் தந்தார். மகள் அம்மாவைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். தேவாலயத்துக்குள் போய், "ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள், வெளியே வந்துவிட்டார்கள். வேறெங்கும் போகவில்லை. இருவரும் ஒரே கட்டிலில் படுத்து, காலோடு கால் பின்னிக்கொண்டு, ஊர்க்கதை பேசினார்கள். மயாரா ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். படிப்பைப் பற்றி அம்மா கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை விமான நிலையப் பேருந்தில் அவளை ஏற்றிவிட்டுச் சுலெய்தி நேராக ஐந்தாம் எண் அறைக்கு வந்தாள். மூன்று மணிக்கு அடுத்த விருந்தினர். அதற்குள் அறை தயாராக வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்தாள். குளியலறைத் துளையிலிருந்து நீளமான கருமுடிச் சுருளை எடுத்தாள். தலையணை உறைகளை உருவினாள். விரிப்பை உருவி, முகத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மற்றத் துணிகளோடு சேர்த்துச் சுருட்டினாள்.

விருந்தினர் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஹாம்பர்க்கிலிருந்து வந்த கணவனும் மனைவியும், சிவந்த முகங்களோடு, பெட்டிகளோடு வாசலில் நின்றார்கள்.

"மன்னிக்கணும், நாங்க காத்திருக்கோம்," என்றான் கணவன். "நீங்க இந்த ஊர்க்காரங்களா?"

சுலெய்தி யோசித்தாள். "ஆமா," என்றாள். "நவம்பர்லேருந்து."

அவனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மனைவியின் பக்கம் திரும்பி உற்சாகமாகச் சொன்னான்: "பாத்தியா, உள்ளூர்க்காரங்களையே பாக்க முடியாதுன்னு எழுதியிருந்தாங்க. வந்த உடனே ஒருத்தரைப் பாத்துட்டோம்." ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

சுலெய்தி துணி மூட்டையைக் கீழே வைக்கக் குனிந்தாள்.

"வேண்டாம், வேண்டாம். அது கையிலேயே இருக்கட்டும்," என்றான். "அதுதான் இயல்பா இருக்கு."